தக்கையை எழுதியவருக்கு

பத்து பெரண்டாம், மலாக்கா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷாந்தினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீ அங்கே டப்ளினில் நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் நீலக்குறி விழுகிறது, பதில் வருவதில்லை. தபாலில் வந்தால் உறையையாவது கிழிப்பாய்.

முதலில் நல்ல செய்தி. நீ கல்லூரி நாட்களில் எழுதிய 'தக்கை' மென்பொருளை இலவச இயங்குதளத்துக்கான பொதியாக நான் கட்டி முடித்துவிட்டேன். அதன் அடுத்த பதிப்பில் சேர்ந்துவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் உன் தக்கையைக் கணினியில் ஏற்றி இணையப் பக்கம் எழுதத் தொடங்கலாம். அடுத்த மாதக் கடைசியில் புதுப் பொதிகளுக்குக் கதவைச் சாத்துகிறார்கள். அதற்குள் ஒரு காரியம் பாக்கி. அது உன் கையில் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

இது என்ன வேலை என்று உன் அம்மா கேட்டாள். ஷாந்தினி சமைத்ததை எங்கே கொண்டுபோனாலும் சிந்தாமல் இருக்கும்படி நான் கட்டிக் கொடுக்கிறேன் என்றேன். "நாசி லெமாக் பொட்டலம் கட்டுற மாதிரியா? இதுக்கா இத்தன நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். அதற்குமேல் நான் விளக்கவில்லை.

பொதி கட்டுகிறவன் ஒவ்வொரு கோப்பும் யாருடையது, என்ன உரிமத்தில் வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். அதனால் நீ எழுதிய அத்தனை வரிகளையும் படித்தேன். தொழிற்சாலையில் என் காலமெல்லாம் பிறர் எழுதியதைத் திருத்தியே கழிந்தது, உனக்குத் தெரியும். உன்னுடையதில் திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை. தேடினேன். நாட்காட்டி ஒன்றை மட்டும் யாரிடமிருந்தோ எடுத்துப் போட்டிருந்தாய், உரிமம் இல்லை. அதை நீக்கிவிட்டு நானே ஒன்று எழுதினேன். மற்றபடி தக்கை வேறு எதையும் சார்ந்து நிற்கவில்லை. மென்பொருளுக்கு அது நல்ல குணம்.

உன் சேகரன் மாமா, அகல்யா கல்யாணத்தில் எல்லார் முன்னாலும், "வெளிநாட்டுல என்னா, கம்பியூட்டர் முன்னால உக்காந்திருக்கிற கிராணி வேலதானே" என்று உன்னைக் குமாஸ்தாவாக்கிச் சிரித்தார். நான் மறக்கவில்லை. பதிப்பு வந்ததும் உன் பெயருள்ள பக்கத்தை அச்செடுத்து அவர் வீட்டுக்கே கொண்டுபோவதாக இருக்கிறேன். உன் அம்மா வேண்டாம் என்கிறாள். போகத்தான் போகிறேன்.

பொதியை ஏற்றும் உரிமை எனக்கு இல்லை. அந்த உரிமை உள்ள ஒருவர் என்னை நேரில் பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்த்து, என் மின்கையெழுத்துச் சாவியின் எழுத்துகளை நான் வாய்விட்டுப் படிக்கக் கேட்டு, ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் வழக்கம் அப்படி. இந்த மாநிலத்தில் அப்படிப்பட்டவர் யார் என்று தேடினால் ஒரே பெயர் வந்தது. கவிநேசன். தொழிற்சாலையில் எனக்கு வரவேண்டிய மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தானே, அவனேதான். அதற்குப் பிறகு நான் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. உனக்காகப் போனேன்.

கிளேபாங்கில் தேங்காய் ஷேக் கடையில் சந்தித்தோம். வருஷக்கணக்காகப் பக்கத்து மேசையில் இருந்தவன், "ஐசி காட்டுங்கண்ணே" என்றான். என்னை உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். "தெரியும்ண்ணே. ரூல்ஸ் ரூல்ஸ்தான்லா" என்றான். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "முடிதான் கொஞ்சம் போச்சு" என்றான். நானும் அவன் அட்டையைக் கேட்டு வாங்கி, தேவைக்கு மேலேயே உற்றுப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் எழுத்தும் எண்ணுமாக உரக்கப் படித்துக்கொண்டிருந்தோம். கடைக்கார மாக்சிக் எட்டிப் பார்த்து, நாலு நம்பர் லாட்டரி எடுக்கவா பேசுகிறீர்கள், எனக்கும் ஒன்று சொல்லுங்கள் என்று மலாயில் கேட்டாள். கவிநேசன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து தக்கையைப் படித்தான். கண்ணாடி டம்ளரில் ஐஸ் கரைந்துபோனது. "யாருண்ணே எழுதுனது இது? இவ்ளோ சுத்தமா இருக்கு" என்றான். என் மகள் என்றேன். ஷாந்தினி, அந்த நாற்காலி எனக்குக் கிடைத்திருந்தால்கூட அவனிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லும் வாய்ப்பு வந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் அதைக் கேட்டான். "எழுதுனவங்க இருக்காங்களா? இதப் பார்த்துக்கிறாங்களா? யாரு கேட்டதுக்கும் மாசக்கணக்கா பதிலே காணோமே." தக்கையின் பக்கத்தில் நீ கடைசியாக எழுதிய வரியைக் காட்டினான். 'யாரும் பயன்படுத்துவதில்லை, இனி என்னால் முடியாது.' நான் முன்பே படித்ததுதான். அவன் வாயால் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது.

அப்பா நான் இருக்கிறேன், நான் பதில் சொல்கிறேன் என்றேன். "அப்பா சொன்னா செல்லாதுண்ணே. எழுதுனவங்க ஒரு வரி போடட்டும், அன்னிக்கே ஏத்திடறேன்" என்று சொல்லி, அதே கேள்வியைத் தக்கையின் பக்கத்திலும் எழுதிப் போட்டான். கைவிடப்பட்டதைப் பதிப்பில் சேர்க்க மாட்டார்கள். அவன் சொன்னது சரி. அவன் சொல்வது சரியாக இருப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

யாரும் பயன்படுத்துவதில்லை என்பது பொய். ரெம்பியா பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் தொழிற்சாலை கழித்துப்போட்ட பழைய கணினிகளை வைத்து, மாணவர் வருகைப் பதிவைத் தக்கையில் எழுதிக் கொடுத்தேன். மற்றதெல்லாம் அந்தக் கணினிகளில் மூச்சுத் திணறும். உன்னுடையது ஓடுகிறது. தேவமலர் டீச்சர், "சார், நாற்காலிய இழுத்துப் போடறதுக்குள்ள தொறந்துக்குது" என்றார். உன்னிடம் சொல்லச் சொன்னார்.

உன் அம்மா தினமும் கேட்கிறாள், நான் உனக்கு வேலை அதிகம் என்று சொல்கிறேன். குளிர் ஆரம்பித்திருக்கும். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. வேலை பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு. உன் அறையில் இப்போது என் கணினி இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம்.

கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும். நீ தக்கையை விட்டுவிட நினைத்தாலும் விடு, அது உன் உரிமை. அதையும் அங்கே எழுதினால் போதும். எனக்குத் தனியாக எழுத வேண்டாம், ஃபோன் செய்யவும் வேண்டாம். கவிநேசன் கேட்ட கேள்விக்குக் கீழே, இருக்கிறேன் என்று ஒரு வரி போடு. நான் காலையில் எழுந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து பார்க்கிறேன்.

உன் அப்பா,
பரமேஸ்வரன்