லினக்ஸுக்குக் கொடுத்த மூலை

நேற்று நம் கடையின் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றினேன். மூடியை எடுத்ததும் தூசியோடு சேர்ந்து சாம்பிராணி வாசம் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வரும் சாம்பிராணிக்காரரை நீ உள்ளே கூப்பிட்டு, "மெஷினுக்கும் நல்லா காட்டுங்க பாவா, அதுதான் எங்களுக்குச் சோறு போடுது" என்பாய். நீ இறந்துபோய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது.

திருத்துறைப்பூண்டியில் நாம் இருவரும் சேர்ந்து நடத்திய டி.டி.பி. கடைக்கு அந்த ஒரு மெஷின்தான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, தர்கா கந்தூரி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில்தான். வருகிறவர்களின் பென்டிரைவில் இருந்த வைரஸ் அத்தனையும் ஏறி, காலையில் ஸ்விட்சைப் போட்டால் நாம் கடையைப் பெருக்கி, வாசல் தெளித்து, டீ குடித்து முடிக்கும்போதுதான் விண்டோஸ் கண்ணைத் திறக்கும். நாகூரில் உன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்த ஒரு திங்கட்கிழமை, விண்டோஸ் மாதிரியே மெஷினை ஓட்டும், காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸை நீ பென்டிரைவில் கொண்டுவந்தாய்.

"பழச எடுத்துட்டா போடப்போறோம்? அது பாட்டுக்கு அது இருக்கட்டும். பக்கத்துல இதப் போட்டுப் பாப்போம். ஆன் பண்றப்ப எது வேணும்னு கேக்கும். புடிக்கலன்னா அழிச்சிடலாம்டி."

நான் தயங்கினேன். பத்து வருஷ வேலையும் அந்த ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தது. எவ்வளவு இடம் ஒதுக்கலாம் என்று கேட்டாய். புது நெல் ரகம் வந்தால் என் மாமனார் அதற்கு எந்த இடம் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். வாய்க்கால் தண்ணீர் சரியாக ஏறாத மேட்டு மூலையில் பத்துக் குழி. விளையாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஐந்நூறு ஜிபி டிஸ்கில் நானும் அப்படியே அளந்தேன்.

"இருபது போதும்."

"பட்டா மாத்தியா கேக்குறேன்? உன் மாமனாரே தேவலாம்டி" என்று சிரித்தாய். ஆனாலும் இருபதுதான் போட்டாய்.

அந்த மூலை நன்றாக விளைந்து தொலைத்தது. ஸ்விட்சைப் போட்டவுடன் திறந்தது, வைரஸ் தொல்லை இல்லை. பயந்து பயந்து ஒரு நோட்டீஸ் அடித்தவள், மூன்றே மாதத்தில் எல்லா வேலையையும் அந்தப் பக்கமே செய்யத் தொடங்கினேன். ஒரு நாள் மகளின் கல்யாணப் பத்திரிகைக்காகக் கீழ்வேளூர்க்காரர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்க, ஃபைல் சேவ் ஆகவில்லை. இடம் நிரம்பிவிட்டது.

"வரப்பக் கொஞ்சம் விண்டோஸ் பக்கம் தள்ளணும். அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் காப்பி எடுத்துடுவோம்" என்றாய்.

"அவரு உக்காந்திருக்காருல்ல? காப்பிக்கெல்லாம் நேரமில்ல, தள்ளு" என்றேன். இரண்டு முறை மறுத்தாய். மூன்றாவது முறை என் பிடிவாதத்துக்கு இறங்கிவந்தாய்.

பாதியில் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் கீச்கீச் என்று கத்தத் தொடங்கியது. அந்த பேட்டரி பத்து நிமிஷம் தாங்கினால் அதிகம். திரையோ இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்றது.

"கரண்ட் வந்ததும் விட்ட எடத்துலேர்ந்து ஓடிடும்லம்மா?" என்றார் கீழ்வேளூர்க்காரர். நடுவில் நின்றால் விண்டோஸும் போச்சு, லினக்ஸும் போச்சு என்பது நமக்குத்தான் தெரியும்.

நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். "உன் பேச்சக் கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும். கடையே போச்சு. நல்லா இருந்ததக் கெடுத்துட்டியேடி!"

நீ எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்கு ஓடினாய். அங்கே இன்வெர்ட்டர் இருந்தது. வயர் சாக்கடையைத் தாண்டிப் போக, கீழ்வேளூர்க்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அது தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். யூபிஎஸ் கத்துவதை நிறுத்தியது. அரை மணி நேரம் திரையில் மெல்ல நீண்ட கோடு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் திறந்தாய். ஒரு ஃபைல்கூடப் போகவில்லை.

அன்று முழுக்க உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. காப்பி வேண்டாம் என்றதும் நான், திட்டியதும் நான். சாயங்காலம் நீயே, "திட்டி முடிச்சிட்டியா? டீ சொல்லவா?" என்றாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தப்பு என்னுடையது என்று அன்று நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், என்னுடையதுதான்.

அதன் பிறகு இரண்டும் சண்டையில்லாமல் அதே பெட்டிக்குள் இருந்தன. பழைய பத்திரிகையைத் திறக்க அது, புது வேலைக்கு இது. நாமும் அப்படித்தான் இருந்தோம். சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

நேற்று பழைய பெட்டியைக் கழற்றியது அந்த டிஸ்கை எடுக்கத்தான். புது மெஷின் வாங்கியிருக்கிறேன். முதலில் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, அங்கங்கே ஒரு பத்திரிகையைத் திறந்தும் பார்த்தேன். அவசரம் என்று வந்தவரை "நாளைக்கு வாங்கண்ணே" என்று அனுப்பிவைத்தேன். அப்புறம்தான் லினக்ஸைப் போட்டேன். எவ்வளவு இடம் என்று கேட்டது. சரிபாதி கொடுத்தேன்.

ஏதாவது ஆகியிருந்தால் கத்துவதற்கு எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் இந்த முறை ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டேன்.