அரிசி டிரம்மில் ஷூ

டிசம்பர் 3, புதன்

காலையில் குளிர். பம்பாய்க் குளிர்தான், ஃபேனை மூன்றில் வைக்கிற அளவு. இன்றைய வேலை: லிஸ்ட்.

கல்லூரி மலைநடை, 19 முதல் 21 வரை. கசாராவில் இறங்கி, ரதன்கட் ஏறி, காட்டு வழியாக ஹரிச்சந்திரகட். மூன்று நாள், இரண்டு கோட்டை, என்னுடைய இரண்டே கால்.

வேண்டியவை:
முதுகுப்பை – இல்லை. வாடகைக்கு விசாரித்தேன். அவன் கேட்கிற காசுக்குப் பையைத் தூக்க ஓர் ஆளையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.
ஷூ – இல்லை.
ஸ்லீப்பிங் பேக் – அம்மாவின் பழைய சேலை இரண்டு, போர்வை ஒன்று, மூன்று பக்கமும் தைக்க வேண்டும். படுத்தால் பேக், புலி வந்தால் பார்சல்.
டார்ச் – தம்பியிடம் உண்டு. தூங்கும்போது கேட்டால் மறுக்க மாட்டான்.
தண்ணீர் பாட்டில் – கூல்டிரிங்க்ஸ் காலி பாட்டில் இரண்டு. தயார்.
அப்பாவின் கையெழுத்து – இல்லை.

கடைசிதான் பெரிசு. பணம் கட்டியாச்சு (மெஹந்தி போட்டுச் சேர்த்தது. கல்யாண சீசன் முழுக்க ஊரார் கை சிவந்தது, என் கை வீங்கியது). கையெழுத்துப் போட்ட தாள் 8ஆம் தேதிக்குள் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கேட்டதற்குக் கிடைத்த பதில்:

"பஸ் இல்லாத ஊர்க்காரன் நடப்பான், அது நியாயம். ரயிலும் பஸ்ஸும் இருக்க ஊர்ல இருந்து, காசு குடுத்துப் போயி நடக்கியா? அதுவும் பொம்பளப் பிள்ள, மூணு நாளு, காட்டுல! ஏட்டி, போ அங்கிட்டு."

இந்த நோட்டைத் தமிழில் எழுதக் காரணம்: காலேஜில் ஷப்னம் பிடுங்கினால் படிக்கத் தெரியாது. தம்பி எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், முதல் பக்கம் முடிப்பதற்குள் எனக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

டிசம்பர் 4, வியாழன்

பயிற்சி நாள் 1. பின்னால் இருக்கும் ஏழு மாடிக் கட்டடம். லிஃப்ட் பிறந்த அன்றே ரிட்டயர்டு. ஸ்கூல் பையில் ஆறு லிட்டர் தண்ணீர், ஐந்து முறை ஏறி இறங்கல். மூன்றாவது முறை முழங்கால் ராஜினாமாக் கடிதம் நீட்டியது. ஏற்கவில்லை.

இறங்கி வந்தால் குழாயடியில் எதிர்வீட்டுப் பேச்சியக்கா. இனி பே.அ. முழுப் பெயர் எழுதினால் கை வலிக்கும், அவள் பேசினால் காது வலிக்கும்.

"ஏட்டி இசக்கி, என்னத்துக்குக் கோட்டி புடிச்சவ மாதிரி ஏறி ஏறி எறங்குத?"

மலைநடை என்றால் அரைமணி நேரம் விளக்க வேண்டும். வாய் சும்மா இருக்குமா? முகத்தை அபிஷேகம் முடிந்த சிலை மாதிரி வைத்துக்கொண்டு, "வேண்டுதல்க்கா. மூணு நாளு நடந்தே மலையேறணும். சிவன் கோயிலு" என்றேன்.

"யாத்தே!" பே.அ. கையிலிருந்த சொம்பு கீழே.

கால்வாசி உண்மைதான். ஹரிச்சந்திரகட் மேலே குகைக்குள் சிவன் இருக்கிறார், இடுப்பளவுத் தண்ணீரில். போட்டோவில் பார்த்தேன். சந்தில் வேறு பாதிப் பேர் மாலை போட்டுச் சாமியாகியிருக்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நானும் ஒரு சாமி.

மாலை 5: மளிகைக்கடை அண்ணாச்சி வாழைப்பழம் இரண்டு இலவசம். 6: தெரியாத ஆச்சி ஒருத்தி திருநீறு பூசிவிட்டுப் போனாள். 7: அம்மா காதுக்குப் போய்விட்டது. பே.அ.வுக்கு நெட் பேக்கே தேவையில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

பை தைக்கும் பட்டறை, அதாவது கார்கானாவிலிருந்து அப்பா வந்ததும் கூப்பிட்டார். கையில் பீடி.

"வேண்டுதலாமே?"

"ஆமாப்பா."

"என்னத்துக்கு?"

இதை நான் யோசிக்கவே இல்லை. பரீட்சைக்கு என்றால் என் மார்க்கைப் பார்த்துச் சாமியே சிரிக்கும். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு இருமல். அப்பா இருமல் ஸ்லோ லோக்கல், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். முடியும்வரை காத்திருந்தேன்.

"உங்க இருமலுக்குப்பா."

வாய் சொல்லிவிட்டது. எனக்கே அப்புறம்தான் கேட்டது.

அப்பா பீடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "தாளக் கொண்டா."

இங்கிலீஷில் மூன்று பக்கம். எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டார். தமிழில் கையெழுத்து, கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே.

ஜெயித்தாச்சு! ஷப்னமுக்கு மெசேஜ். (ஷ. என் பெஞ்ச், அவளும் மலைக்கு வருகிறாள்.) பதிலுக்குப் பதினெட்டு சிரிப்பு முகம்.

டிசம்பர் 7, ஞாயிறு

வெற்றியின் விளைவுகள்:
1. அம்மா எனக்கு விரதம் அறிவித்துவிட்டாள். மீன் கிடையாது, முட்டை கிடையாது. பே.அ. வீட்டில் இன்று வஞ்சிரம். சுவர் ஒன்றுதான், வாசனைக்குச் சுவர் ஏது?
2. காலை ஐந்துக்குப் பச்சைத் தண்ணீர்க் குளியல்.
3. சந்துக்குள் செருப்பு போடக் கூடாது. வேண்டுதல்காரி வெறுங்காலோடுதான் நடப்பாளாம். "மலையும் வெறுங்காலுதானட்டி?" என்று அம்மா கேட்டாள். "பின்ன?" என்றேன்.

ஷூ வாங்கியாச்சு, குர்லாவில் பழைய ஷூ விற்கிறவரிடம். இடது காலில் ஏற்கெனவே யாரோ வாழ்ந்த அடையாளம். பேரம் பேச முப்பது நிமிடம், துவைக்க நாற்பது. ஒளிக்க இடம்: காலி அரிசி டிரம், மேலே பழைய செய்தித்தாள். ரேஷன் வரும்வரை யாரும் திறக்க மாட்டார்கள்.

பயிற்சி இப்படி: சந்தில் வெறுங்கால், பையில் ஷூ. சயான் கோட்டை அடிவாரத்தில் மாற்றிக்கொண்டு மேலே பத்து முறை. ஷ. படியில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து விக்கினாள். "சப்பல் நஹி, மீனும் நஹி! அரே, நீ மலைக்குப் போறியா ஜெயிலுக்கா?" நான் சொல்லிக்கொடுத்த தமிழை என் மேலேயே பிரயோகிக்கிறாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

தாள் நேற்றே கொடுத்தாச்சு. ஸ்லீப்பிங் பேக் இரண்டு பக்கம் தைத்தாச்சு. நூல் தீர்ந்தது.

இது வேறு விஷயம். டிவி மேல் அப்பாவின் தீப்பெட்டி வெள்ளிக்கிழமையிலிருந்து அதே இடத்தில். திசைகூட மாறவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"உங்கப்பா பீடிய விட்டாச்சு. மவ எனக்காண்டி வெறுங்காலோட நடக்கா, நான் இழுத்துக்கிட்டுக் கெடந்தா நல்லாவா இருக்கும்னு கேக்காவ. இருவது வருசமா நான் சொல்லிக் கேக்காத மனுசன்."

சோற்றுத் தட்டைத் தம்பி பக்கம் தள்ளினேன். 

டிசம்பர் 11, வியாழன்

அப்பா இன்ச் டேப்போடு வந்தார். கழுத்திலிருந்து இடுப்புவரை அளந்தார், தோள் அகலம் அளந்தார். கார்கானாவில் வெட்டி மிஞ்சிய துணியில் பை தைக்கிறாராம். சாம்பல், நீலம், கொஞ்சம் ஆரஞ்சு.

"பட்டைக்கு ஸ்பாஞ்சு வைக்கேன். காலுதான் வெறுங்காலு, தோளாவது நோவாம இருக்கட்டும்."

 ஒரு வாரமாக ஆள் சரியில்லை. கார்கானாவில் யாரோடோ சண்டையாம். தம்பி ஸ்பூனைக் கீழே போட்டதற்குக் கத்தினார். பாக்கெட்டில் பீடிக்குப் பதில் கிராம்பு, ஐந்து நிமிடத்துக்கு ஒன்று.

பை எடை: 7 கிலோ வரை போகலாம் என்று மலைக்குக் கூட்டிப்போகும் சார் சொன்னார். பொய்க்கு எடை சொல்லவில்லை.

(மேலே எழுதியதை அடிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

டிசம்பர் 13, சனி

ஷ.வோடு ஆலோசனை, சயான் கோட்டை, எட்டாவது ஏற்றத்துக்குப் பிறகு.

சொன்னால்: கையெழுத்தை வாபஸ் வாங்குவார், சாருக்கு ஒரு போன் போதும். பீடியும் திரும்பி வரும். என் மலையும் போச்சு, அவர் எட்டு நாளும் போச்சு.
சொல்லாவிட்டால்: எல்லாருக்கும் நல்லது. நான் மலை ஏறுவேன், அவர் இருமல் இறங்கும்.

ஷ. தீர்ப்பு: "மலைக்குப் போயிட்டு வந்து சொல்லு. இல்ல, சொல்லவே சொல்லாதே. ஜூட் தான், ஆனா அச்சா வாலா ஜூட்." பொய்தான், ஆனால் நல்ல ரகப் பொய் என்கிறாள். நானும் சரி என்றேன்.

வேர்க்கடலைச் சிக்கி விலை விசாரிக்க வேண்டும். காலி டப்பா இரண்டு.

டிசம்பர் 15, திங்கள்

மேலே, வீட்டுப் பரணில் படுத்திருந்தேன். கீழே அப்பா போனில் ஊரிலிருக்கும் சித்தப்பாவோடு. ஸ்பீக்கர். அப்பா போனைக் காதில் வைத்துப் பேசியே நான் பார்த்ததில்லை.

"பத்து நாளு ஆச்சுல. நெஞ்சு அடச்சிக்கிட்டுக் கெடந்தது கொஞ்சம் எளகுது."

"எப்படிண்ணே விட்டீரு? என்னால ஒரு நாளு முடியல."

"எம் மவ எனக்காண்டி நடக்காலே. அந்த வாலு. வாயத் தொறந்தா கேலி, யாருக்கும் அடங்காதவ. அவ மனசுல இப்பிடி ஒண்ணு இருந்துருக்கு, எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

இறங்கும் ஏணி பக்கத்திலேயே இருந்தது. ஒரு படிகூட இறங்க முடியவில்லை.

நல்ல ரகப் பொய் கிடையாது. ஷ.வுக்கு என்ன தெரியும்.

டிசம்பர் 16, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

கார்கானாவுக்கே போனேன். வீட்டில் சொன்னால் அம்மா, பே.அ., இரண்டு நீதிமன்றமும் ஒரே நேரத்தில் கூடும். அப்பா மெஷினில், என் பைதான், ஆரஞ்சுப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, வேண்டுதல்லாம் ஒண்ணும் இல்லப்பா. பேச்சியக்காட்ட வெளாட்டுக்குச் சொன்னேன். நீங்க கேட்டப்ப வாயில வந்தது இருமல். அது காலேஜ் டூருதான். அன்னைக்கு நீங்க வேண்டாம்னு சொன்னேள்லா, அதேதான்."

மெஷின் நிற்கவில்லை. தையல் ஓரம்வரை ஓடியது. திருப்பி, இரண்டு முறை கெட்டித் தையல். நூலை வெட்டினார்.

"வெறுங்காலு?"

"ஷூ இருக்கு. அரிசி டிரம்முல."

அவ்வளவுதான். எழுந்து வெளியே போனார். பக்கத்து மெஷின்காரர் என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். பத்து நிமிடம் கழித்து அப்பா வந்தார். அவருக்கு முன்னால் பீடி வாசனை வந்தது.

பையை என்னிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை. ஜோக் ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் 17, புதன்

வீட்டில் முதல் நீதிமன்றம் கூடியது. அம்மா:

"நீ கேலி பண்ணுததுக்கு நாங்கதான் கெடச்சமா? அவுக நேத்து ரெண்டு பத்த வச்சாவளாம். ரெண்டு! பத்து நாளு பச்சப்பிள்ள மாதிரி கிராம்ப மென்னுக்கிட்டு இருந்த மனுசன்."

பே.அ. வாசலில் நின்று வேறு வழக்கு: "சந்து பூரா நாந்தான சொன்னேன்! இப்ப எம் பேச்ச எவ நம்புவா? நீ பேசாம நடந்துட்டு வந்துரு. வேண்டுதல்னே இருந்துட்டுப் போட்டும்."

அரிசி டிரம் மூடியைத் திறந்து பார்த்தேன், மூடினேன். சாருக்கு நானே போன் செய்து வரவில்லை என்று சொல்ல வேண்டுமா? அப்பா போகாதே என்று இன்னும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. காசு திரும்ப வராது. சாயந்திரம் மாடி ஏறப் போகவில்லை. பிறகு போனேன். மூன்று முறை.

டிசம்பர் 18, வியாழன்

காலையில் கண் விழித்தால் ஆணியில் பை. சாம்பல், நீலம், ஆரஞ்சு. இரண்டு பக்கமும் பாட்டில் பாக்கெட். ஜிப் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

அப்பா டீ குடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து: "அந்த ஷூவக் கொண்டா."

கொண்டுவந்தேன். உள்ளேயிருந்து நாலு அரிசி விழுந்தது. அப்பா அடிப்பாகத்தை இரண்டு கையாலும் மடக்கினார். முன்பக்கம் ஆவென்று வாயைத் திறந்தது.

"எவன்ட்ட வாங்குன? பசையே இல்ல. காட்டுல பாதி வழியில கழண்டு போகும். அப்புறம் நெசமாவே வெறுங்காலுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

ஷூவைக் காகிதத்தில் சுற்றி கார்கானாவுக்கு எடுத்துப்போனார். சாயந்திரம் திரும்பி வந்தது: புதுப் பசை, சுற்றிலும் பை தைக்கிற தடித்த நூலில் தையல். போட்டு ஏழு மாடி. ஒரு சத்தம் இல்லை.

"அப்ப நான் போலாமாப்பா?"

"கையெழுத்துப் போட்டாச்சுலா." பிறகு யாரும் கேட்காமலே: "செவ்வாக்கெழம ரெண்டு. நேத்து ஒண்ணு. இன்னைக்கு இதுவரைக்கும் இல்ல."

 "சரிப்பா" என்றேன்.

பேக்கிங்: சப்பாத்தி 12, எள்ளுப்பொடி, சிக்கி, சேலைப் போர்வைப் பை (மூன்றாவது பக்கமும் அம்மா தைத்துவிட்டாள், முறைத்துக்கொண்டே), டார்ச் (தம்பி தானே கொடுத்தான், சந்தேகமாக இருக்கிறது), விசில், பாட்டில் 2. அண்ணாச்சிக்கு வாழைப்பழக் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

கல்யாண் தாண்டி எழுதுகிறேன். கை ஆடுகிறது, எழுத்தும். ஜன்னலில் குளிர், இது நிஜக் குளிர். ஷ. என் தோளில் தூங்கி வழிகிறாள். எதிரே சார், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தலை எண்ணுகிறார், மூன்றாவது முறை.

தாதர்வரை அப்பா வந்தார். பையை அவர்தான் சுமந்தார், கொடுக்கவில்லை. பிளாட்பாரத்தில் நாற்பது பேரும் ஷூ, தொப்பி, செல்ஃபி. எல்லாரையும் மேலும் கீழும் பார்த்தார். எல்லார் பையையும் பார்த்தார், தையலை. உதட்டைப் பிதுக்கினார். எங்கள் பைக்குப் பக்கத்தில் நிற்க எதற்கும் தகுதியில்லையாம்.

ரயில் வரும் சத்தம் கேட்டதும் என் தோளில் பட்டையை மாட்டி, இரண்டு பக்கமும் இழுத்துச் சமன் பண்ணினார்.

"நீ வார வரைக்கும் பீடியத் தொடக் கூடாதுன்னு பாக்கேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"மூணே நாளுதானப்பா, ஓடி வந்துருவேன்."

"மெள்ளவே வாட்டி."