எந்த வரிசையை எண்ணினாய்?

ஸ்டோவ்னர், ஓஸ்லோ
ஏப்ரல் 12

அன்புள்ள மீரா,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, எழுதிக்கொள்ளலாம் என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன். சுகம்தான். பால்கனியில் இன்னும் பனி கிடக்கிறது.

உன் அமெரிக்கத் தேர்தல் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரே கட்சியில் அதிபர் வேட்பாளர் யாரென்று நீ வேலை பார்க்கும் செனட்டரும் அந்தக் கவர்னரும் மோதுகிறார்கள். போன வாரம் செனட்டர் ஒரு மாநிலத்தில் ஜெயித்தார். பிரதிநிதிகள் மட்டும் கவர்னருக்கும் சரிபாதி! ஒரு இணையதளத்தில் ஒரு கணக்கு, இன்னொன்றில் வேறு கணக்கு. கீழ்வீட்டு செல்வமலர் அக்கா, "இஞ்சை கட்சிக்குத்தானே வோட்டுப் போடுறம். அங்கை ஏன் ஒரு கட்சிக்குள்ளயே அடிபடினம்?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல?

செனட்டர் தோற்றால் ஜூலையில் வருகிறேன், ஜெயித்தால் நவம்பர் தேர்தல் வரை அவருக்காக அங்கேதான் வேலை என்று சொல்லிவிட்டுப் போனாய். அதனால் நானும் எண்ணுகிறேன்.

உன் ரகு


ரிச்மண்ட், வர்ஜீனியா
ஏப்ரல் 20

என் ரகுவுக்கு,

நீயா இதையெல்லாம் கேட்கிறாய்! கல்யாணமாகி மூன்று வருடத்தில் என் வேலையைப் பற்றி நீ கேட்ட முதல் கேள்வி. நன்றாகத் திட்ட நினைத்திருந்தேன், போ, பிழைத்தாய்.

கேள். வேட்பாளரை மாநாட்டில் தேர்ந்தெடுப்பது பிரதிநிதிகள்; மாநிலத்தில் கிடைத்த வோட்டின் விகிதப்படி அவர்களைப் பிரிப்பார்கள். அதனால் தோற்றவருக்கும் பங்குண்டு. கட்சிப் பெரியவர்கள் சிலர் இஷ்டப்படி வோட்டுப் போடலாம். ஒரு தளம் அவர்களைச் சேர்க்கிறது, மற்றது விட்டுவிடுகிறது. பாதிக்கு மேல் யாருக்கு வருகிறதோ அவரே வேட்பாளர். இங்கே குடியுரிமை இருப்பதால் ஆகஸ்ட் மாநாட்டுக்கு வர்ஜீனியா பிரதிநிதியாக நானும் போகலாம்!

தினமும் உறைந்த பீட்சா தின்னாதே.

மீரா


ஸ்டோவ்னர்
மே 29

அன்பு மீரா,

இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. வேலைக்குப் போகும்போது டி-பானே ரயிலில் உட்கார்ந்து அதைத்தான் பார்க்கிறேன். நேற்று பதினெட்டு பிரதிநிதிகள் கூடுதலாகக் கிடைத்தார்கள். இன்னும் அறுபது பேர் கிடைத்தால் முடிந்தது! சந்தோஷத்தில் உன் அலமாரியைக்கூடத் துடைத்துவைத்தேன்.

ரகு


ரிச்மண்ட்
ஜூன் 8

ரகு,

நேற்று செனட்டர் விலகிவிட்டார். நிறைய அழுதேன். ஆறுதலுக்கு உன் கடிதத்தை எடுத்தேன். அன்றைக்கு எங்களுக்கு அறுநூறு பேருக்கு மேல் வேண்டியிருந்தது. அறுபது பேர் வேண்டியிருந்தது கவர்னருக்கு. இத்தனை நாளும் அந்தத் தளத்தில் நீ அவருடைய வரிசையைத்தான் எண்ணியிருக்கிறாய்.

கோபப்படுவதா சிரிப்பதா தெரியவில்லை. நான் வரவேண்டும் என்றுதானே எண்ணினாய்? ஆனால் 'வா' என்று ஒரு தடவைகூட நீ கேட்கவில்லையே. ஊர் பேர் தெரியாத ஜனங்கள் என்னைத் தோற்கடித்து உன்னிடம் அனுப்புவார்கள் என்று காத்திருந்தாய்.

ஜூலையில் வரமாட்டேன். என்னைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மாநாட்டில் தோற்றுப்போன செனட்டருக்குத்தான் என் வோட்டு. அப்புறம் என்ன என்று எனக்கே தெரியாது.

மீரா


ஸ்டோவ்னர்
ஆகஸ்ட் 21

அன்புள்ள மீரா,

மாநாட்டை நேரலையில் பார்த்தேன். வர்ஜீனியாவைக் கூப்பிட்டதும் பச்சைச் சேலையில் உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன். செனட்டருக்குக் கிடைத்த வோட்டுகளை வாசித்தபோது நீ எழுந்து கைதட்டினாய். நானும் இங்கே தனியாகத் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று தெரியவில்லை. ஜெயித்தது என்னவோ நான் எண்ணிய ஆள்தான். காலையில் செல்வமலர் அக்கா, "ஆர் வெண்டது?" என்றார். நான் மேலே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் ஆள் ஜெயித்திருந்தாலும் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். வா, மீரா. வர முடியாதென்றால் அதையும் சொல். நான் அங்கே வரட்டுமா?

ரகு