தகப்பன் பெயரில் தேட வேண்டாம்

என் பத்மாவுக்கு,

நீ கண்மூடிய பிறகு ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. நல்ல செய்தி ஒன்று சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் நூற்பட்டியல் இணையத்தில் ஏறிவிட்டது. ஐரிஷ், வெல்ஷ் என்ற கெல்ற்றிக் மொழிகளின் பழம்பாடல்களை ஆராய்கிறவர்கள் இனி எந்த நாட்டிலிருந்தும் அதில் தேடலாம். "ரெண்டு யாழ்ப்பாணப் பெட்டையள் கெல்ற்றிக் புத்தகங்களுக்குக் காவல்" என்று நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்து சிரிப்பாயே. நாற்பது தாண்டிய பெட்டையள்!

ஒரு வாரம் பிந்தித்தான் ஏறியது. அதற்குக் காரணம் நான்.

கடைசிக் கூட்டத்தில் கம்பியூட்டர் பிரிவு பீற்றர், "கடைசிப் பெயருக்கான கட்டம் பழைய கவிஞர்கள் எல்லோருக்கும் வெறுமையாகக் கிடக்கிறது. பெயரில் கடைசியாக வரும் சொல்லை அதில் போட்டுவிடுகிறேன், ஒரு பின்னேர வேலை" என்றான். திட்டத்தை நடத்தும் பேராசிரியரும் தலையாட்டினார்.

நீ தெரிந்தே விட்ட அந்த வெறுமைதான் உன் இரண்டு வருட உழைப்பு. அந்தக் காலத்து வெல்ஷ் கவிஞனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், பிறகு இன்னாரின் மகன் என்று தகப்பன் பெயர். எங்களைப் போலத்தான். உனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கனடாவுக்கு வந்த நாள் முதல் உன்னை மிஸிஸ் கந்தையா என்றல்லவா கூப்பிட்டார்கள்! "அப்பாவுக்கு என்னைக் கட்டி வச்சிட்டாங்களடி. அம்மா கேள்விப்பட்டால் சண்டைக்கு வருவா" என்பாய்.

நான் கூட்டங்களில் வாய் திறக்காதவள். அன்றைக்குத் திறந்தேன்.

"பீற்றர், உங்கள் தகப்பனுக்கு என்ன பெயர்?"

"ஜெரல்ட்."

"சரி, இனி நீங்கள் மிஸ்டர் ஜெரல்ட். அந்தப் பெயரில் தேடினால் யாருக்காவது கிடைப்பீர்களா?"

பேராசிரியர் சிரித்துவிட்டார். பிறகு, "திங்கட்கிழமை ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறோம், தவறிப்போகுமே" என்றார். "தவறட்டும்" என்றேன். வெறுமையான கட்டத்தை ஏற்கும்படி பீற்றர் எல்லாவற்றையும் மாற்றி எழுதினான். உன் கவிஞர்கள் எல்லோரும் இப்போது தங்கள் தங்கள் பெயரிலேயே இருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை உன் மகள் துளசியை ஸ்காபரோவிலிருந்து கூட்டிவந்து காட்டினேன். தொகுத்தவர்களின் பெயராலும் தேடலாம் என்றதும் அவளே உட்கார்ந்து 'பத்மா' என்று அடித்தாள். ஒன்றும் வரவில்லை. திரும்ப அடித்தாள்.

"பெரியம்மா, இதில அம்மா இல்லையே?"

கந்தையா என்று அடிக்கச் சொன்னேன். வந்தாய். 'கந்தையா, ப.'

தொகுத்தவர்களின் பெயர்களைப் பதிந்தது வேறு யாருமில்லை, நான்தான். அலுவலகப் பட்டியலைப் பார்த்து, யோசிக்காமல் பதிந்திருக்கிறேன். யாரோ வெல்ஷ்காரருக்காக மல்லுக்கட்டின நான், பக்கத்து மேசையில் இருந்த உன்னை எப்படி விட்டேன்? ஒருவருடன் நெடுநாள் இருந்தால் பெயரைக் கவனிக்காமல் விடுவோமா? நீ இருந்திருந்தால், "அப்பா செத்தும் வேலைக்கு வாறார் போல" என்று சிரித்திருப்பாய். துளசி சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பீற்றரிடம் போகிறேன். எத்தனை கட்டத்தை மாற்ற வேண்டி வந்தாலும் மாற்றுவிப்பேன். உன் பெயர் முன்னுக்கு நிற்கும். கந்தையா ஐயா தன் இடத்தில், உனக்குப் பின்னால் நிற்பார். அந்தக் கவிஞர்களுக்கு நீ எழுதிய அதே முறையில்: பத்மா, கந்தையாவின் மகள். அடுத்த சனிக்கிழமை துளசி தேடும்போது முதல் தட்டலிலேயே நீ வருவாய்.

உன் துளசியின் பெரியம்மா,
சாந்தி, இராசையாவின் மகள்