ஜல்லிக்கு நடுவே நான்கு முட்டைகள்

மார்ச் 9
இன்று முப்பத்தாறு முகங்களில் பரு அழித்தேன். ஸ்டூடியோவில் எனக்கு அதுதான் வேலை. காசுள்ளவன் தோலில் ஒரு புள்ளி இருக்கக் கூடாதாம். சாயங்காலம் முதலாளி, தூரத்தை இழுத்துக் காட்டும் தன் பழைய டெலி லென்ஸைக் கையில் கொடுத்தார், மாதக் கடைசிவரை. தாராள மனசெல்லாம் இல்லை. பூட்டியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும், யாராவது வெளிச்சத்தில் புழங்க வேண்டும்.

மார்ச் 11
காலையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பக்கத்து மனை. கட்டட வேலை நடக்கிறது. ஜல்லிக் குவியலுக்கு இந்தப் பக்கம், வெறும் தரையில், ஓர் ஆள்காட்டிக் குருவி. கரிய தலை, கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை, மஞ்சள் குச்சிக் கால்கள். எழுந்தபோதுதான் தெரிந்தது, அடியில் நான்கு முட்டைகள். கல்லோடு கல்லாக. மறைப்புக்கு ஒரு துரும்புகூட இல்லை. என்ன தைரியம்!

அக்கா லென்ஸில் எட்டிப் பார்த்தாள். "நமக்காவது வாடகைக்கு ஒரு கூரை இருக்குடா."

மார்ச் 14
ஜல்லி லாரி பின்னோக்கி வந்தது. முட்டைகளுக்கு நாலடியில் சக்கரம். குருவி ஓடவில்லை. சிறகை விரித்து லாரியை எதிர்த்துக் கத்தியது. டிரைவர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வளைத்து ஓட்டினார். முதலாளி முன்னால் நான் ஒரு நாளாவது இப்படி நின்றிருக்கிறேனா?

மார்ச் 17
மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது மாடியிலிருந்து பார்க்கிறேன். உச்சி வெயிலில் அது மனை மூலையில் தேங்கிய குட்டைக்கு நடக்கிறது. வயிற்றை அமுக்கி நனைக்கிறது. ஈரத்தோடு வந்து முட்டைகள்மேல் உட்காருகிறது. குளிர வைக்கிறது! அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றுதானே நினைத்திருந்தேன். இந்த வெயிலிலும் குட்டை வற்றவில்லை, என் அதிர்ஷ்டம்.

மார்ச் 18
விடுமுறை. பேராசை. மாடியிலிருந்து எடுத்தால் முதுகுதான் விழுகிறது. மதியம் மனைக்குள் போய் ஜல்லியோரம் குப்புறப் படுத்தேன். குருவி நேர் எதிரே வந்து சிறகை விரித்தது, தலையைத் தாழ்த்தியது, மறுபடி விரித்தது. இப்படிப் போஸ் கொடுக்கிற பறவையை எவன் பார்த்திருப்பான்? நூறு படம். இருநூறு.

தலையில் ஜல்லிச் சட்டியோடு ஓர் அம்மா வந்து நின்றார். "ஏம்பா, இன்னும் எவ்வளவு நேரம் படுத்திருப்பே? போயிடு போயிடுன்னு அது கெஞ்சுது. முட்டை வெயில்ல வேகுது, தெரியல?"

எழுந்து ஓடினேன். பின்னாலிருந்து இன்னொரு குரல்: "அவ்ளோ பெரிய குழாய் வச்சிருக்கான், கண்ணு தெரியலயே!" சிரிப்பு.

அரை மணி நேரம். அரை மணி நேரம்டா! ச்சே. உள்ளே குஞ்சு செத்திருந்தா?

மார்ச் 19
குட்டை வற்றாத ரகசியம் தெரிந்தது. மதியம் சூப்பர்வைசர் சாப்பிடப் போனதும் அந்த அம்மா தண்ணீர்க் குழாயைக் குட்டைப் பக்கம் திருப்பிவிடுகிறார். தினமும். பழைய படங்களைத் திறந்தேன். மூன்றில் ஓரத்தில் அந்த அம்மாவின் வெடித்த குதிகால். வெட்டியெறிய வேண்டிய ஓரம் என்று குறித்து வைத்திருக்கிறேன். உழைக்கிறவனுக்காக ஊரெல்லாம் பேசுவேன். வாய் மட்டும்.

மார்ச் 24
வேலை நின்றுவிட்டது. ஆட்களை வேனில் அடைத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். வெயிலில் நின்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏறும்போது அந்த அம்மா என் மாடியைப் பார்த்துக் கத்தினார்: "தம்பி! தண்ணி!"

மார்ச் 27
மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூடியோவிலிருந்து சைக்கிளில் வந்து குட்டையில் இரண்டு வாளி ஊற்றுகிறேன். குருவி மண்டைமேல் பாய்ந்து திட்டுகிறது. திட்டட்டும். ஒரு நொடி நிற்பதில்லை.

அக்கா: "வீட்டுக்கு ஒரு குடம் தூக்கினதில்ல, தொரை!"

மார்ச் 31
லென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். சிறகு விரித்த படத்தில் முதலாளி கண்ணை எடுக்கவில்லை. "போட்டிக்கு அனுப்புடா, நிச்சயம் பரிசு."
"அது பயந்துபோய் நிக்குற படம் சார்."
"யாருக்குடா தெரியப்போகுது?"
அழித்துவிட்டேன்.

ஏப்ரல் 5
வாளியோடு போனேன். நான்கு இருந்த இடத்தில் ஒன்று. காக்காயா? நாயா?

அப்புறம் குட்டையோரம் ஒரு கல் ஓடியது. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவது. பிறந்த அன்றைக்கே என்ன ஓட்டம்! நேராகத் தண்ணீருக்கு, யாரையும் கேட்காமல்.

நான்காவது முட்டை அப்படியே கிடக்கிறது. அந்த அரை மணி நேரம்தானா, தெரியாது.

ஜல்லி லாரி டிரைவரைத் தெருமுனையில் பிடித்து, அந்த அம்மா இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டுக்கொண்டேன். நாளைக்குப் போகிறேன். மூணு பொழைச்சிடுச்சும்மா என்று சொல்ல வேண்டும். நான்காவதையும் சொல்ல வேண்டும்.