தேதி போடாத அஞ்சலி

அண்ணனூர்,
வியாழக்கிழமை.

பவ்யா அப்பாவுக்கு, பானு வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் மூவரும் நலம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? தரையில் படுப்பதால்தான் வருகிறது. போர்வையை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். பவ்யாவுக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கிறது. உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் சிறையில் வேறு யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

வக்கீல் எழிலரசி அக்கா போட்ட வழக்கில் ஐகோர்ட் தீர்ப்பு வந்துவிட்டது. தேர்தலில் தோற்ற ஆத்திரத்தில் ஆட்களைத் திரட்டி நகராட்சி ஆபீசை உடைத்து, ஜெயித்து வந்த கவுன்சிலர்களைப் பதவியேற்க விடாமல் அடித்து விரட்டிய சுப்பராயன், மறுபடி அதே நகராட்சிக்குப் போட்டியிடக் கூடாது என்பதுதான் அக்காவின் வாதம். குற்றம் நிரூபணமாகாதவரைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிபதி சொல்லிவிட்டாராம். ஆனால் வேட்புமனு வாங்கத் தொடங்குவதற்குள் கலவர வழக்கை முடித்தாக வேண்டும் என்று கீழ்க்கோர்ட்டுக்கு உத்தரவு போட்டிருக்கிறார். அதில் தண்டனை கிடைத்தால் சுப்பராயன் நிற்க முடியாது. ஆக, எல்லாம் திங்கட்கிழமை நீங்கள் சொல்லப்போகும் சாட்சியில் வந்து நிற்கிறது. வண்டியை விட்டுக் கேட்டை இடிக்கச் சொன்னது யார் என்று, ஓட்டிய உங்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முன்வரவில்லை.

இனி இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பதறாமல் படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போக ஸ்டேஷனுக்கு நடந்தேன். மதில் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். யாரோ தவறிவிட்டார்கள் என்று தாண்டிப் போனவள், திரும்பி வந்து பார்த்தேன். உங்கள் முகம். பவ்யாவுக்குக் காது குத்தியபோது எடுத்த படம். அது நம் பீரோவுக்குள் இருக்கிறது, வேறு பிரதி கிடையாது. கீழே டில்லிபாபு என்று பெரிய எழுத்து. ‘தோற்றம்’ என்று உங்கள் பிறந்த தேதி, சரியாகவே இருந்தது. ‘மறைவு’ என்று போட்டு, பக்கத்தில் வெறுமையாக விட்டிருந்தார்கள்.

ஓடிவந்து பீரோவைத் திறந்தேன். படம் வைத்த இடத்திலேயே இருந்தது.

சிறைக்குப் போன் போட்டேன். நன்றாக இருக்கிறீர்கள், காலையில் பொங்கல் சாப்பிட்டீர்கள் என்றார்கள். போனை வைப்பதற்குள் பக்கத்து வீட்டு ராணி மாலையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவரு உயிரோட கீறாருடி, இப்பத்தான் கேட்டேன்” என்றேன். “சரிக்கா, சரிக்கா, அளுவாத” என்று என் தலையைத் தடவினாள். வந்தவர்கள் எல்லாருமே அப்படித்தான் தடவினார்கள். ஒருவன் வண்டியில் வந்து வாசலில் நாற்காலிகளை இறக்கினான். யார் சொன்னது என்று கேட்டால், “துட்டு வந்துச்சுக்கா” என்கிறான்.

மதியத்துக்கு மேல் சுப்பராயன் ஆட்களோடு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். “டில்லி தங்கமான புள்ளம்மா. எம்பேச்சத் தட்டவே மாட்டான்” என்றார். பவ்யாவின் படிப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்கள் என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, “அப்டியே இருக்கட்டும்மா” என்றார்.

அதுவரை மூலையில் இருந்த அம்மா, நகர்ந்து வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். “இன்னா நைனா, தேதி போடாத உட்டுட்டியே? எம்புள்ளைக்கு எந்தத் தேதி குறிச்சு வெச்சுகினு கீறே? சொல்லு, ஒறமுறைக்கெல்லாம் சொல்லி அனுப்பணும்” என்று கேட்டார். அழவில்லை, கத்தவில்லை. கல்யாணத் தேதியைக் கேட்பது போலக் கேட்டார். கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். சுப்பராயன் சட்டென்று எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் மதிலில் ஒரு போஸ்டர்கூட இல்லை. புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், ஈரம் காயவில்லை. நாற்காலிகளும் இல்லை. ராணியிடம் கேட்டேன். “இன்னா போஸ்டரு? நான் எப்பக்கா உங்க ஊட்டுக்கு வந்தேன்?” என்று சிரித்தாள். முகத்தில் பொய் சொல்கிற சாயலே இல்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் அதே பதில், அதே சிரிப்பு. இருந்த பதற்றத்தில் போனில் ஒரு படம் எடுக்கவும் எனக்குத் தோன்றவில்லை. நான்தான் கனவு கண்டேனோ என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா வாசலில் கிடந்த செருப்பைக் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் எழிலரசி அக்காவைப் பார்க்கப் போனேன். கலவரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சுப்பராயன் நம் வீட்டுக்கு வந்தாரே, நான் காபி கொடுக்கும்போது உங்களிடம், “வண்டிய நிறுத்தாத, உள்ள யாரு கீறாங்கன்னு பாக்காத” என்றாரே, அது என் காதிலும் விழுந்தது. அதை நானும் கோர்ட்டில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்களிடம் கேட்டால் வேண்டாம் என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. கேட் சரிந்ததில் பார்வை போன கிளார்க் நடேசனின் மனைவியும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியும். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. வெளியிலிருந்து யார் என்ன கொண்டுவந்தாலும் சாப்பிட வேண்டாம். நான் கொடுத்தனுப்பியது என்று சொன்னாலும் வேண்டாம். நான் எதுவும் அனுப்பவில்லை. குளிக்கப் போகும்போது நாலு பேரோடு சேர்ந்து போங்கள்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “நூறு வருசம் இருப்பான்னு எழுதுடி” என்கிறார். எழுதிவிட்டேன். திங்கட்கிழமை பூந்தமல்லி கோர்ட் வாசலில் மூவரும் நிற்போம். வேனிலிருந்து இறங்கி, உங்கள் காலால் எங்களைத் தாண்டி நடந்து போங்கள். பேச முடியாவிட்டாலும் பரவாயில்லை.

உங்களைப் பார்க்கக் காத்திருக்கும்,
பானுப்பிரியா