இன்னும் ஒருத்தி பாக்கி

மார்ச் 3

அன்புள்ள பாப்பா,

விடுதிச் சாப்பாட்டைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். "எலும்பும் தோலுமா வந்து நிக்கப் போறா, பாரு" என்று எனக்குத்தான் திட்டு. ஏதோ நான் அங்கே சமைப்பதுபோல.

பாட்டிக்குக் கொஞ்சம் சளி. வேறொன்றுமில்லை. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை என்பதுதான் அவருக்குக் குறை. பெண்கள் வார்டில் துணைக்கு ஆளில்லாதவர்களுக்கு யார் தலைவாரி விடுவார்கள் என்று, சீப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மாலை ஜெபம் நடக்கிறது. தன் பைபிள் வசனத்தைச் சொல்லிவிட்டு, நீ பக்கத்தில் இருப்பதுபோல உன் முறைக்குக் காத்திருக்கிறார். பிறகு என் முறைக்கும். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். உனக்குத் தெரியாததா?

தேர்வைத் தவிர வேறு எதையும் யோசிக்காதே.

அம்மா

மார்ச் 10

அன்புள்ள அம்மாவுக்கு,

வெறும் சளி என்றால் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் பாட்டி ஏன் ஒரு வரிகூடக் கிறுக்கவில்லை? தேர்வு தொடங்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஓடி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடட்டுமா? வார்டன் விடாவிட்டால் அழுதாவது அனுமதி வாங்கிவிடுவேன். உண்மையை எழுதுங்கள்.

மாலையில் இங்கே நானும் என் வசனத்தைச் சொல்கிறேன். அதே சின்ன வசனம்தான். பாட்டியிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.

முத்தங்களுடன்,
பாப்பா

மார்ச் 14

அன்புள்ள பாப்பா,

வர வேண்டாம். பாட்டிக்குக் கை கொஞ்சம் நடுங்குவதால் எழுதவில்லை, அவ்வளவுதான். நீ ஆண்டிறுதித் தேர்வை விட்டுவிட்டு வந்து நின்றால் முதலில் திட்டுவது அவராகத்தான் இருக்கும்.

நீ சொன்னதைச் சொன்னேன். "பைபிள்லயே சின்னதாப் பாத்துப் புடிச்சு வச்சிருக்கா, கள்ளி!" என்று சிரித்தார்.

அம்மா

ஏப்ரல் 4

அன்புள்ள பாப்பா,

நேற்றோடு உன் தேர்வு முடிந்திருக்கும். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

பாட்டி மார்ச் 26 விடியற்காலையில் இறந்துவிட்டார். அடக்கமும் முடிந்துவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தது நான். வேறு யாரையும் குறை சொல்லாதே.

ஞாபகார்த்த ஆராதனையில் வாசிக்க அவருடைய வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி போதகர் கேட்டிருக்கிறார். "அன்பான தாய், அருமையான பாட்டி, விசுவாசமுள்ள சகோதரி" என்று எழுதி, அடித்துவிட்டேன். அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். தாத்தா போன பிறகு தையல் மெஷினை மிதித்து மிதித்தே என்னை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தவர். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று நான் அறிவித்த அன்று, "சரி, சாப்பிட்டுட்டுப் பேசு" என்று தட்டை நகர்த்தியவர். இதையெல்லாம் ஆலயத்தில் வாசிப்பார்களா?

வீட்டுக்கு வா.

அம்மா

ஏப்ரல் 9

அம்மா,

பாட்டி என்னைக் கேட்டாரா? அதை மட்டும் எழுதுங்கள்.

விடுமுறைக்கு நான் வரவில்லை. தோழி வீட்டுக்குப் போகிறேன்.

ஏப்ரல் 14

அன்புள்ள பாப்பா,

கேட்டார். தினமும். தேர்வு முடிந்ததும் வருவாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதுவரை தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகும் அதையேதான் சொன்னேன்.

கடைசி மாலை அவருக்குக் கண் சரியாகத் திறக்கவில்லை. ஆனாலும் ஜெபம் செய்தார். உன் முறை வந்ததும் நிறுத்தி, "பாப்பா, வந்துட்டியா? சொல்லும்மா" என்றார்.

நான் உன் வசனத்தைச் சொன்னேன். உன்னைப்போலவே வேகமாக, கடைசிச் சொல்லைப் பாதி விழுங்கி. அவர் சிரித்தார். என் தலையைத் தடவிப் பார்த்து, "ஒரே சிக்கு" என்றார். பிறகு, "இன்னும் ஒருத்தி பாக்கி" என்றார்.

என் முறை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை, பாப்பா. திரும்பி வந்தபோது தூங்கிவிட்டிருந்தார். பிறகு பேசவே இல்லை.

நம்பாததை வாயால் சொல்வது பொய் என்று இத்தனை வருடம் வீறாப்பாக இருந்தேன். உனக்கு எழுதிய கடிதங்களை எடுத்துப் பார், எவ்வளவு சரளமாகப் பொய் சொல்லியிருக்கிறேன் என்று. அவர் பேத்தி வந்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டே போனார். அதுவும் என் பொய்தான்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டாய், எழுதினேன்.

அம்மா

ஏப்ரல் 20

அம்மாவுக்கு,

கோபம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் பாட்டியை நீங்கள் ஏமாற்றவில்லை. முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்குத் தலைவாரிய கை அது. உங்கள் தலை எது, என் தலை எது என்று அதற்குத் தெரியாமலா போயிருக்கும்? உங்கள் வாயிலிருந்து ஒரு வசனத்தைக் கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். வராமல் பாக்கி நின்றது நான்.

சனிக்கிழமை வருகிறேன். மாலையில் அடுப்பை அணைத்துவிட்டு முன்னறையில் வந்து உட்காருங்கள். நான் என் வசனத்தைச் சொல்வேன். உங்களைச் சொல்லச் சொல்ல மாட்டேன். உங்கள் முறை வரும்போது காத்திருப்பேன், அவ்வளவுதான்.

பாப்பா